தந்தையாரின் சவரத் தூரிகை

எமது வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பழைய சூட்கேஸ் இருக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றிலும் அப்படியொன்று இருக்கும் என்றே நினைக்கிறேன். காணி உறுதியின் பிரதி, சாதகக் குறிப்பு, பரீட்சைச் சான்றிதழ்கள், ஓரம் மடிந்த புகைப்படங்கள் என்று, எடுத்துப் பார்க்கவும் மனமில்லாமல் எறிந்துவிடவும் மனமில்லாமல் நாம் சேர்த்துவைத்த பொருள்கள் அதற்குள் கிடக்கும். எனது சூட்கேசில் இவற்றுடன் ஒரு சவரத் தூரிகையும் இருந்தது. அது என் தந்தையாருடையது.

ஐயா 2003 ஆம் ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணத்தில் காலமானார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் என்ற முறையில் எனக்குத் தரப்பட்டிருந்த பயணப் பத்திரம், இலங்கை தவிர்ந்த ஏனைய நாடுகளுக்கே செல்லுபடியாகும். ஆகவே மூத்த மகனாகிய நான் கொள்ளி வைக்கப் போகவில்லை. அவ்வாண்டுக் கோடையில், போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்டிருந்த ஏ-9 பாதை வழியாக ஊருக்குச் சென்று திரும்பிய உறவினர் ஒருவர், அம்மா கொடுத்ததாக ஒரு சிறு பொதியைப் பாரிசுக்குக் கொண்டுவந்து தந்தார். ஐயாவின் பருத்திச் சால்வையொன்று. அதற்குள் அவருடைய சவரத் தூரிகை. கூடவே அம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடிதம்: "கடைசிக் கிழமை வரைக்கும் தானேதான் முகம் வழிச்சவர். கழுவிக் காயவைச்சு அனுப்புறன்."

அந்தச் சால்வையாலேயே அதை மீண்டும் சுற்றி, சூட்கேசின் அடியில் வைத்தேன். அதற்கு மேலே, நான் பிரான்சுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் தொண்டர்கள் தந்த கம்பளி மேலங்கி. பூட்டினேன். பதின்மூன்று ஆண்டுகள் திறக்கவில்லை. 2016 இல் வீடு மாறியபோதே அதைத் திறக்க நேர்ந்தது. தூரிகையைக் கையில் எடுத்ததும் அதன் மயிர்கள் கொத்துக் கொத்தாக அடியோடு கழன்று விழுந்தன. கம்பளி மேலங்கியில் முட்டையிட்ட அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியைத் தின்று, பின் தூரிகையையும் தின்றிருந்தன. விலங்கின் மயிரை உண்டு வாழும் அப்புழுக்கள் இருளையும் அசைவின்மையையும் விரும்புவன. பருத்திச் சால்வைக்குப் பெரிய சேதமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் பாவிக்கப்பட்டு, இடப்பெயர்வையும் மழையையும் தாங்கிய ஒரு பொருளை, பாதுகாக்கிறேன் என்று எண்ணிப் பதின்மூன்று ஆண்டுகளில் நான் அழித்துவிட்டேன். சவரத் தூரிகைகள் எவற்றால் செய்யப்படுகின்றன, எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பவற்றை அறிய வேண்டுமென்ற எண்ணம் அதன் பின்னரே எனக்கு உண்டாயிற்று. பிந்திய ஞானம்தான். எனினும் மற்றவர்க்கேனும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பாட்டனார் காலத்தில் முகச்சவரம் செய்பவர் வீடு தேடி வருவார். குடிமை முறை என்று அதற்குப் பெயர். மற்றவன் முகத்தை அழகாக்கும் அவர் வீட்டு விறாந்தையில் சரிசமமாக அமர முடியாது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் பாத்திரமும் வேறு. ஐயா 1959 இல் ஆசிரியரானதும் தமது முதற் சம்பளத்தில் ஒரு றேசரும் ஒரு சவரத் தூரிகையும் வாங்கினாராம். "என்ரை முகத்தை நானே வழிப்பன்" என்று அவர் சொன்னதைப் பாட்டனார் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. அந்த முதல் தூரிகை தேய்ந்துபோக, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் 1978 இல் யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாங்கியதுதான் நான் அழித்த இரண்டாவது தூரிகை.

அது பன்றி மயிரால் ஆனது என்பது வாங்கும்போது ஐயாவுக்குத் தெரியாது. மச்சம் மாமிசம் தொடாத சைவர் அவர். பல ஆண்டுகளின் பின் அவருடன் படிப்பித்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த உண்மையை வெளியிட்டார். ஐயா தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின், "முகம் வழிச்சபிறகுதானே குளிக்கிறன்" என்றார். அத்துடன் அந்த விவாதம் முடிவுற்றது.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக் கல்லூடாக ஊறி வருவது. அதில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. 1990 இன் பின் பொருளாதாரத் தடை வந்தபோது சவர்க்காரமும் அருமையாயிற்று. அக்காலத்தில் ஐயா மழைநீரை ஒரு போத்தலிற் பிடித்துவைத்து, நகமளவு சவர்க்காரத்தில் முகம் நிறைய நுரை எழுப்புவார். தூரிகையின் முதற் பயன் அதுதான். சிறிதளவு சவர்க்காரத்தையும் சிறிதளவு நீரையும் காற்றோடு கலந்து பெரும் நுரையாக்குகிறது. அந்த நுரையைத் தோலிற் தேய்க்கும்போது மயிரை நிமிர்த்தி நனைக்கிறது. நனைந்த மயிரைப் பிளேட் இலகுவாக வெட்டும்.

1995 ஐப்பசி 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் வலிகாமமே வீதியில் நின்றது. ஐயாவின் சேட்டுப் பைக்குள் அந்தத் தூரிகை இருந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், பதினொரு குடும்பங்களுடன் நாங்கள் தங்கியிருந்தோம். உடைந்த கண்ணாடித் துண்டொன்றைக் கரும்பலகையின் கீழ்ச் சட்டத்தில் சாய்த்துவைத்து, விடியற்காலையில் ஐயா முகம் வழிப்பார். "வகுப்பறைக்குள்ளை வாத்தியார் முகம் வழியாமல் நிக்கக்கூடாது" என்பார். மாரி மழையில் உடுப்புகளே காயாத நாட்கள் அவை. அவரோ வழித்து முடிந்ததும் தூரிகையை இருமுறை அலசி, பிழிந்து, வாசலுக்கு வெளியே கையை நீட்டி நான்கைந்து தரம் உதறி, பிடியில் ஒரு நூலைக் கட்டி, காற்றுப்படும் யன்னற் கம்பியில் மயிர்கள் கீழ்நோக்கத் தொங்கவிடுவார். அந்தச் செயலை அன்று ஒரு முதியவரின் பிடிவாதமென்றே நான் எண்ணினேன். இன்று தூரிகை பேணுவதைப் பற்றி எதைப் படித்தாலும் அது அந்த யன்னற் கம்பியில் வந்து முடிகிறது.

1998 இல் நான் பாரிசுக்கு வந்தேன். ஓர் அறையில் ஆறுபேர். உணவகமொன்றின் சமையற்கூடத்தில் கோப்பை கழுவும் வேலை. முகம் மழித்து வரவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. கடைக்குச் சென்று, மொழி தெரியாமல், கன்னத்தில் விரலால் வட்டமிட்டுக் காட்டினேன். கடைக்காரர் புரிந்துகொண்டு "பிளேறோ" என்று ஒரு தூரிகையை எடுத்துத் தந்தார். ஒரு புதுச் சொல் கற்றுவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு. சில நாட்களின் பின் சமையற்காரர் என்னைப் பார்த்துச் சினத்துடன் "பிளேறோ!" என்று கத்தினார். முகச்சவரம் சரியில்லைப் போலும் என்றெண்ணி நான் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். சமையற்கூடமே சிரித்தது. அன்றிரவு அகராதியைப் புரட்டியபோதே விளங்கிற்று. அச்சொல் முதலில் வளைக்கரடி என்னும் விலங்கின் பெயர். அவ்விலங்கின் மயிராற் செய்ததால் தூரிகைக்கும் அப்பெயர். பேச்சுவழக்கில் மடையனுக்கும் அதே பெயர்.

ஆங்கிலத்தில் பட்ஜர் எனப்படும் அந்த வளைக்கரடியின் மயிரே ஐரோப்பியர் நெடுங்காலமாக உயர்வாகக் கொண்டாடும் தூரிகை மயிர். நடுவில் கரிய பட்டை, நுனியில் வெண்மை. நுனி மென்மையாகவும் கூராகவும் இருப்பதால் முகத்திற்கு இதமானது. மயிர்களுக்கிடையே நீரை நன்கு தேக்கிவைக்கும், நனைத்தவுடனேயே பாவிக்கலாம். தூய மயிர், சிறந்த மயிர், வெள்ளிநுனி மயிர் என்றெல்லாம் தரம் பிரித்து விற்பார்கள். ஆனால் இத்தரங்களுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் "சிறந்தது" இன்னொரு நிறுவனத்தின் "சாதாரணம்" ஆக இருக்கலாம். மலிந்த மயிரின் நுனியை வெளிறச் செய்து வெள்ளிநுனி போலக் காட்டுவதுமுண்டு. விலையோ பன்றி மயிர்த் தூரிகையின் விலையைப் போலப் பன்மடங்கு. இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் வளைக்கரடிகள் 1973 முதல் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. சந்தைக்கு வரும் மயிரிற் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அந்த மயிர் கொல்லப்பட்ட விலங்கிலிருந்து எடுக்கப்படுவது என்பதை வாங்குபவர் அறிந்து வாங்கவேண்டும்.

பன்றி மயிர் தடித்தது, விறைப்பானது. புதிதில் முகத்தைச் சுரண்டுவது போலவும், நனைத்தால் விலங்கு வாடை வீசுவது போலவும் இருக்கும். இரண்டொரு தரம் சம்பூவால் கழுவினால் வாடை குறையும். மயிரிழை தானே நீரை உறிஞ்சி இளகும் தன்மையுடையது. ஆகவே பாவிக்குமுன் இரண்டு மூன்று நிமிடங்கள் இளஞ்சூட்டு நீரில் ஊறவைக்கவேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும் பாவித்தால் ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளந்து மென்மையாகும். அடிப்பகுதியோ விறைப்பாகவே நிற்கும். கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்து எடுப்பதற்கு அந்த விறைப்பு நல்லது. பொறுமையுள்ளவனுக்கு உரிய தூரிகை இது. இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது குதிரை மயிர். வாலின் மயிர் விறைப்பு, பிடரியின் மயிர் மென்மை. இரண்டையும் கலந்து செய்வார்கள். ஆகவே பன்றிக்கும் வளைக்கரடிக்கும் இடைப்பட்ட தன்மை. ஸ்பெயினிலும் துருக்கியிலும் இது இன்றும் வழக்கிலுண்டு. விலங்கைக் கொல்லாமலே வெட்டி எடுக்கக்கூடிய மயிர் என்பதால், உயிர்க்கொலையை விரும்பாதவர்கள் விசாரித்து இதை வாங்கலாம்.

இந்தக் குதிரை மயிருக்கு ஒரு துயர வரலாறு உண்டு. முதலாம் உலகப் போருக்கு முன் ஆசியாவிலிருந்து வந்த மயிர் ஜெர்மனி, பிரான்ஸ் வழியாக, சுத்திகரிக்கப்பட்டே ஏனைய நாடுகளுக்குச் சென்றது. போர் அந்த வழியை மூடிற்று. வளைக்கரடி மயிரும் கிடைக்கவில்லை. சுத்திகரிக்கப்படாத குதிரை மயிரை நேரடியாக இறக்கி, வளைக்கரடி மயிர் போலத் தோன்றச் செய்து, மலிவான தூரிகைகளாக்கினார்கள். அம்மயிரில் அந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயின் வித்துகள் ஒட்டியிருந்தன. பிளேட் கீறிய முகத்தில் அவை புகுந்தன. 1915 முதல் 1924 வரை பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் போர்வீரரும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் இவ்வாறு நோயுற்றதாகப் பதிவாகியிருக்கிறது. பலர் இறந்தனர். பிரித்தானியா 1920 இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது. போர் என்பது களத்தில் மட்டும் கொல்வதில்லை. ஒரு பாதை மூடப்பட்டால் முகம் கழுவும் கோப்பைக்குள்ளும் வந்துவிடும் என்பது எம்மவர்க்குப் புதிதன்று. இன்று முறைப்படி சுத்திகரித்து விற்கப்படும் தூரிகைகளைப் பற்றி அந்த அச்சம் வேண்டியதில்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத மிகப் பழைய தூரிகையைச் சந்தையில் வாங்கி அப்படியே முகத்தில் வைக்காதீர்கள்.

நான்காவது செயற்கை இழை. முன்னாளில் வந்த நைலோன் தூரிகைகள் தும்புத்தடி போன்றவை, நீரையும் பிடிக்கமாட்டா. அண்மைக் காலத்தில் வருபவை அப்படியல்ல. இழைகள் மிக நுண்மையாகவும் நுனி கூராகவும் செய்யப்படுகின்றன. ஊறவைக்க வேண்டியதில்லை, வாடையில்லை, அந்து தின்னாது, எல்லாவற்றிலும் விரைவாக உலரும். வளைக்கரடி மயிரளவுக்கு நீரைத் தேக்காது என்பது குறை. சைவருக்கும், பன்றியை விலக்கும் இஸ்லாமிய அன்பர்களுக்கும், விடிய நான்கு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடுபவர்க்கும் ஏற்றது இதுவே.

இனிப் பேணும் முறை. எந்த மயிராயினும் விதி பெரும்பாலும் ஒன்றே. கொதிநீரைத் தவிருங்கள். அது மயிரை முறிக்கும். மயிர்க்கொத்தைப் பிடியில் ஒட்டியிருக்கும் பசையையும் இளக்கும். முகத்தில் அடிவரை அழுத்தித் தேய்க்காதீர்கள். அடியில் மயிர் ஒடிந்து, நடுவில் பள்ளம் விழும். வேலை முடிந்ததும் அடிப்பகுதியில் சவர்க்காரம் எஞ்சாதபடி அலசுங்கள். பாரிசின் குழாய்நீரும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போலச் சுண்ணாம்பு மிகுந்தது. சவர்க்காரத்துடன் கூடி அது மயிரடியில் வெள்ளைப் படிவாக இறுகிவிடும். அவ்வாறு இறுகினால், பத்துப் பங்கு இளஞ்சூட்டு நீருக்கு ஒரு பங்கு வினாகிரி கலந்து, மயிரை மட்டும் சில நிமிடங்கள் நனையவைத்து, நன்கு அலசுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை போதும். பின் பிழிந்து, உதறி, காற்றில் விடுங்கள். தொங்கவிடுவதா நிறுத்தி வைப்பதா என்று சிலர் வாதிடுவர். நன்றாக உதறியிருந்தால் இரண்டும் ஒன்றே. ஈரத்தோடு மூடிய பெட்டிக்குள் வைப்பதும், குளிர்காலத்தில் சூடாக்கியின் மேல் வைத்துக் காயவிடுவதுமே கேடு. முன்னதாற் பூஞ்சணம் பிடிக்கும். பின்னதால் மயிர் முறியும், மரப்பிடி வெடிக்கும்.

ஓர் அறையில் பலர் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு மட்டும் ஒரு சொல். பிளேட்டையும் றேசரையும் ஒருபோதும் பகிராதீர்கள், தூரிகையையும் அப்படியே. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி வைரசுகள் இரத்தத்தால் தொற்றுவன. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றே போதும். அன்று ஆறுபேராக இருந்த எங்களுக்கு இதைச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

சூட்கேசில் எஞ்சியிருந்தது தூரிகையின் மரப்பிடி மட்டுமே. ஐயாவின் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்த பிடி. அதை மேசை இலாச்சியில் வைத்திருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகன் ஒருநாள் அதை எடுத்து, "இது என்ன அப்பா?" என்று கேட்டான். சொன்னேன். கொள்ளி வைக்கப் போகாத கதையையும் முதற்தடவையாகச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், செயற்கை இழையாலான 22 மில்லிமீற்றர் மயிர்க்கொத்தொன்றைத் தபாலில் வரவழைத்தான். பிடியில் ஒட்டியிருந்த பழைய மயிரையும் பசையையும் துளைத்து அகற்றி, குழியை அளந்து அகலமாக்கி, புதிய கொத்தை நீர்புகாப் பசையால் ஒட்டி, ஒருநாள் முழுதும் காயவிட்டு என்னிடம் தந்தான். மயிர்க்கொத்தை இவ்வாறு மாற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

"அப்பப்பா சைவம் எண்டனீங்கள். இதிலை பன்றி இல்லை" என்றான்.

அலுமாரிக்குள் வைக்கத்தான் என் கை முதலில் எழுந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். குளியலறைக்குச் சென்று தண்ணீரைத் திறந்தேன்.

இப்போது நாள்தோறும் அதனாலேயே முகம் வழிக்கிறேன். பிடியின் தேய்ந்த பக்கத்தில் என் பெருவிரல் சரியாகப் பொருந்துகிறது. எங்கள் குளியலறைக்கு யன்னல் இல்லை. ஆகவே அலசி, பிழிந்து, உதறி, சமையலறை யன்னற் பிடியில் நூல்கட்டித் தொங்கவிடுகிறேன். முதலில் முகம் சுளித்த மனைவியும் இப்போது அதை விலக்கிவிட்டு யன்னலைத் திறக்கப் பழகிவிட்டார். மகன் தாடி வளர்க்கிறான். என்றோ ஒருநாள் வழிப்பான். அன்று அவனுக்கென்று ஒரு தூரிகை வாங்கிக் கொடுப்பேன்.

வாசகர்களே, உங்கள் அலுமாரியின் மேலும் ஒரு சூட்கேஸ் இருக்குமாயின், இந்த வார இறுதியில் அதை இறக்கித் திறந்து பாருங்கள். கம்பளியும் மயிரும் பட்டும் இருந்தால் வெளியே எடுத்து உதறி, வெயிலில் விடுங்கள். பாவிக்கக்கூடியதைப் பாவியுங்கள். பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.